வித்தியாசம் வைக்காத விலை

தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுப் பணம் மாற்றிக் கொடுக்கும் ஒரு கடையில் இருபத்தைந்து வருடங்களாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள், குவைத்துக்குக் கிளம்புகிறவர்கள், சிங்கப்பூரில் மகன் இருக்கும் தாய் தகப்பன்மார் என்று நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். காலையில் போனதும் என் முதல் வேலை, வாசல் பலகையில் அன்றைய விலையை எழுதுவது. ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு விலை உண்டு. நாங்கள் வாங்குவது ஒன்று, விற்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில காசுகளில்தான் கடை வாடகையும் என் சம்பளமும் ஓடுகின்றன.

பலகையின் கடைசி வரி இலங்கை ரூபாய். மாதத்துக்கு நாலைந்து பேர் கேட்டால் அதிகம். ஆனாலும் என் அக்காவை, அதாவது லாத்தாவைக் கொழும்பில் கட்டிக் கொடுத்திருந்ததால், அந்த வரியை எழுதும்போது மட்டும் என் கை கொஞ்சம் நிதானிக்கும். இலங்கையில் எல்லாம் சரிந்த அந்த வருடம், பங்குனி மாத வாக்கில் அந்த விலை நாளுக்கு நாள் இறங்கத் தொடங்கியது. நம்முடைய ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய மூன்று ரூபாய்கூட வராமல் இருந்தது, நாலைத் தாண்டி ஐந்தை நோக்கிப் போனது. ஒருநாள் முதலாளி உள்ளே இருந்து எழுந்து வந்து பலகையைப் பார்த்தார்.

“பாய், இலங்கை வரிய அழிச்சிடுங்க. மெட்ராஸ்ல எடுக்க மாட்டேங்கறான். நம்ம வாங்கி வெச்சா யார் தலையில கட்டறது?”

ஈரத்துணியால் துடைத்தேன். அன்று அதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை.

எங்களுக்கு ஊர் அதிராம்பட்டினம். லாத்தாவின் கணவரான மச்சானுடைய குடும்பமும் அதே ஊர்தான் என்றாலும், அவருடைய வாப்பா காலத்திலேயே கொழும்பில் கடை வைத்து அந்த நாட்டுக் குடிமக்களாக ஆகிவிட்டவர்கள். மச்சான் அங்கே புறக்கோட்டைக் கடைத்தெருவில் மொத்த அரிசி வியாபாரம் செய்தார். லாத்தாவைக் கட்டிய இரண்டாம் வருடம் எங்கள் வாப்பா உப்பளத்தில் மயங்கி விழுந்து படுக்கையாகிவிட்டார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வாப்பாவின் வைத்தியம், என் படிப்பு, ஓடு சரிந்து கிடந்த எங்கள் வீட்டுக்குக் காங்கிரீட் கூரை எல்லாம் கொழும்பிலிருந்து வந்த பணத்தில்தான் நடந்தன. மச்சான் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டியவர் அல்ல.

அறுபத்தைந்து வயதில் கடையை விற்றார். விற்ற பணத்தை வங்கியில் போட்டார். வட்டி வேண்டாம் என்று வெறும் நடப்புக் கணக்கில் போட்டு வைத்தார். “என் உழைப்பு மட்டும் அப்படியே இருந்தாப் போதும்” என்பார். அது அப்படியே இருந்தது. அதில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மூன்று வருடத்தில் அதைக் கொண்டு வாங்கக்கூடியது மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது.

சித்திரை கடைசியில் லாத்தா போன் செய்தாள்.

“மச்சானுக்கு நெஞ்சுல மூணு இடத்துல அடைப்பாம் தம்பி. பெரியாஸ்பத்திரில ஆபரேஷனுக்கு நாள் கொடுத்து ரெண்டு தடவ தள்ளிட்டாங்க. மருந்து வரலைங்கறாங்க, சாமான் வரலைங்கறாங்க. டாக்டரே எங்கள ஓரமாக் கூப்பிட்டு, முடிஞ்சா இந்தியாவுக்குப் போயிடுங்கன்னு சொல்லிட்டாரு.”

“வந்துடுங்க லாத்தா. தஞ்சாவூர்லயே பாத்துக்கலாம்.”

“வர்றோம். ஆனா ஒண்ணு, செலவப் பத்தி நீ அவருகிட்ட வாயத் திறக்காத. அவரு கொண்டு வருவாரு.”

ஆனி மாதத்தில் வந்தார்கள். திருச்சி விமான நிலையத்தில் மச்சானைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. தள்ளுவண்டியில் ஒரே ஒரு பெட்டி. கையில் ஒரு பெரிய எக்ஸ்ரே உறை. அதை என்னிடம் கொடுக்கவில்லை, காரில் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் மேட்டூரை முன்னாலேயே திறந்துவிட்டார்கள். வல்லம் தாண்டி வரும்போது குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரு கூட்டுறவு சங்கக் கட்டடத்து வாசலில் யூரியா மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மச்சான் டிரைவரைத் தொட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாரு. எவ்வளவு சாதாரணமா எறக்குறானுவோ” என்றார்.

“அங்க இன்னும் உரம் வரலையா மச்சான்?”

“டாலர் இல்லன்னு சொல்லி உரத்த நிறுத்துனாங்க. உரம் இல்லாம நெல்லு பதராப் போச்சு. நெல்லு போனதும், வெளியேருந்து அரிசி வாங்க இன்னும் டாலர் வேணும்னாங்க. அதுக்கு எங்க போறது? நோட்டு அடிச்சாங்க. முப்பத்தஞ்சு வருஷம் அரிசி வித்தவன் வீட்ல, உன் லாத்தா போயி வரிசைல நின்னு அரிசி வாங்கினா. இந்தப் பக்கத்துலேருந்து கப்பல்ல போன அரிசி. நல்ல அரிசிதான்.”

லாத்தா முன் சீட்டிலிருந்து திரும்பாமல், “போலாம் தம்பி, வெயிலா இருக்கு” என்றாள்.

நம் நாட்டிலும் ஒரே அறிவிப்பில் நோட்டுகள் செல்லாமல் போனதைப் பார்த்தவன் நான். அந்த நாட்களில் எங்கள் கடை வாசலில் நின்ற கூட்டம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆனால் அப்போது பொருள் கடையில் இருந்தது, நோட்டுதான் இல்லை. மச்சானுடைய ஊரில் நோட்டு இருந்தது, பொருள்தான் இல்லை. இந்த இரண்டில் எது கொடியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

புது ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்தார்கள். பைபாஸ்தான் என்றார்கள். பத்து நாள் மாத்திரை கொடுத்து உடம்பைத் தேற்றிவிட்டுச் செய்யலாம், முன்பணமாக ஒரு லட்சம் கட்டுங்கள் என்றார்கள். அன்று மாலை என் வீட்டில் மச்சான் அந்த எக்ஸ்ரே உறையைப் பிரித்தார். இரண்டு படங்களுக்கு நடுவில், செய்தித்தாளில் சுற்றி, தட்டையாக ஒரு கட்டு. எல்லாம் ஐயாயிரம் ரூபாய் நோட்டு. ஐந்து லட்சம், நம் பணத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம்.

அந்த நாட்டுப் பணத்தில் இருபதாயிரத்துக்கு மேல் வெளியே எடுத்து வரக் கூடாது என்பது என் தொழிலில் பாடம். மச்சானுக்கும் அது தெரியும்.

“வாழ்க்கைல மொதல் தடவையா மறைச்சுக் கொண்டாந்திருக்கேன்” என்றார். “பேங்க்ல டாலர் கேட்டு எட்டு தடவ நடந்தேன். மருத்துவச் செலவுக்குன்னு காயிதம் காட்டினேன். இல்லன்னுட்டான். என் சல்லிய நான் எடுத்துட்டு வராம வேற என்ன பண்றது? நீ இந்தத் தொழில்ல இருக்கே. இத மாத்திக் கொடு. மிச்சத்துக்கு அப்புறம் வழி பாப்போம்.”

பணத்தைச் சல்லி என்று சொல்வது அந்த ஊர் வழக்கம். எங்கள் பக்கத்தில் ஒன்றுக்கும் ஆகாததைச் சல்லிக்காசு பெறாது என்போம். அந்தச் சொல் அன்று காதில் விழுந்தபோது எனக்கு என்னவோ செய்தது. மாற்ற முடியாது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “பாக்கறேன் மச்சான்” என்று வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் முதலாளியிடம் கேட்டேன். உறவுக்காரர், ஆபரேஷன் என்றேன். அவர் கெட்டவர் அல்ல. சற்று நேரம் யோசித்துவிட்டு, “கைமாத்தா வேணும்னா என்னால ஆனதத் தர்றேன் பாய். இந்த நோட்ட வாங்கச் சொல்லாதீங்க. இது கணக்குலயும் வராது, இத விக்கவும் முடியாது” என்றார். திருச்சியில் இரண்டு கடைக்குப் போன் போட்டேன். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் மூன்றில் ஒரு பங்கு விலை சொன்னான், அதுவும் பத்து நோட்டுக்கு மட்டும்.

என் மனைவியும் நானும் ஒரு சீட்டு எடுத்து வைத்திருந்தோம். வீட்டுச் சுவர் ஓதம் ஏறி உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சரி செய்ய வைத்திருந்த பணம். மனைவியிடம் சொன்னபோது அவள் உடனே சரி என்றாள். “கொடுங்க. ஆனா கடனாவே கொடுங்க, பொய் சொல்லிக் கொடுக்காதீங்க” என்றாள். நான் கேட்கவில்லை. கடன் என்றால் வாங்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்று முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பில் புத்தகத்தில் ஒரு தாளில் மச்சானுடைய பெயர், ஐந்து லட்சம், அன்றைய விலை எல்லாம் எழுதி, முத்திரை குத்திக் கிழித்தேன். பலகையில் அந்த வரி இல்லாததால் விலையைக் காலைச் செய்தித்தாளில் பார்த்து எழுதினேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த முத்திரையை நான் அப்படிப் பயன்படுத்தியதில்லை. எழுத்து வழக்கம்போல ஒழுங்காகவே விழுந்தது. அதுதான் பின்னால் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

பணத்தையும் ரசீதையும் கொடுத்தபோது மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரசீதை நிதானமாகப் படித்தார். “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முன்பணத்தைக் கட்டினோம்.

மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு வங்கிக்குப் போய்விட்டுக் கடைக்குத் திரும்பினேன். கவுண்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் மச்சான் உட்கார்ந்திருந்தார். ஆட்டோ பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முதலாளி கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தார். அவர் கையில் என் ரசீது இருந்தது.

மச்சான் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். “என்கிட்ட இன்னும் கொஞ்சம் இலங்கை நோட்டு இருக்கு. இதே விலைக்கு எடுத்துக்குவீங்களா?”

முதலாளி ரசீதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியது எனக்கும் தெரிந்தது. இந்தப் பில்லே பொய் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன். அவர் சொல்லவில்லை.

“இது எங்க பில்தாங்க” என்றார். “ஆனா இப்ப எடுக்கறதில்லைங்க பெரியவரே. மன்னிச்சுக்கங்க.”

“அப்பவும் எடுத்திருக்க மாட்டீங்க” என்றார் மச்சான். குரல் உயரவில்லை. “பேப்பர்ல போட்டிருக்கிற விலைக்கே வாங்கிருக்கு. வாங்குறவன் வித்தியாசம் வைக்காம வாங்குவானா? நான் வியாபாரிங்க. ஒரு கிலோ அரிசிக்கு அம்பது காசாவது வைக்காம நான் வித்ததில்ல. இந்த ரசீதுல லாபமே இல்ல. லாபம் இல்லாம ஒருத்தன் கொடுத்தா அது வியாபாரமில்ல, தர்மம்.”

அவரை வெளியே கைத்தாங்கலாக அழைத்து வந்தேன். கையை விடச் சொல்லவில்லை. ஆனால் சாயவும் இல்லை. ஆட்டோ புது ஆற்றுப் பாலத்துக்கு வந்தது. தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“நோட்டு எங்கே?”

“வீட்ல பீரோல இருக்கு மச்சான்.”

“இன்னைக்கே எடுத்துக் கொடு. முன்பணத்தத் திரும்ப வாங்கு. நாங்க போறோம்.”

“மச்சான், கோவப்படாதீங்க. நீங்க எங்களுக்குச் செஞ்சதுக்கு நான்…”

“செஞ்சத நான் எப்பவாவது ரசீது போட்டுக் கொடுத்தேனா?” என்றார். அப்போதுதான் அவர் கண் கலங்கியது. “என் சல்லி செத்துப் போச்சு தம்பி. எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லியிருக்கலாம். அழுதிருப்பேன், அவ்வளவுதான். நீ அதுக்கு உயிர் இருக்கிற மாதிரி முத்திரை குத்திக் காட்டிட்டே. அந்த மூணு நாளு நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? நம்ம நோட்டுக்கு இன்னும் ஒரு எடத்துல மதிப்பு இருக்குன்னு நெனச்சேன். அப்புறம்தான் விலையத் திரும்பப் பாத்தேன்.”

அவரை வீட்டில் இறக்கி லாத்தாவிடம் விட்டேன்.

கடைக்குத் திரும்பிப் போனேன். முதலாளி பில் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். கார்பன் நகலின் மேல் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

“சோதனைக்கு வந்தவன் பாத்திருந்தா என் லைசென்ஸ் போயிருக்கும். உங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சு செஞ்சிருக்கீங்க.”

“ஆமாங்க சார்.”

“மூணு மாசத்துக்கு நீங்க கவுண்டர்ல உக்கார வேண்டாம். உள்ள இருந்து கணக்கு வேலையப் பாருங்க.”

வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. உள்ளறையில் ஜன்னல் இல்லாத ஒரு மேஜை. அங்கே உட்கார்ந்திருந்த மாதங்களில், எனக்குத் தெரிந்த வாடிக்கையாளர்கள் பாய் எங்கே என்று வெளியே கேட்பது காதில் விழும்.

அன்று சாயங்காலம் வீட்டில் லாத்தா பேசினாள். மச்சானும் நானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் தரையில் உட்கார்ந்து மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டே பேசினாள்.

“ரெண்டு பேரும் என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா? நீங்க சல்லிய எக்ஸ்ரேல ஒளிச்சு வெச்சீங்க. அவன் பில்லுல ஒளிச்சு வெச்சான். எனக்கு ஊர்ல ஒரு வீடு இருக்கு. என் பேர்ல இருக்கு. அது யாருக்காவது ஞாபகம் வந்துச்சா?”

எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். வாப்பாவின் வீடு லாத்தாவுக்கு வந்தது. மாதம் சின்ன வாடகைக்கு ஒரு குடும்பம் இருந்தது.

“விக்கக் கூடாது. அது உன் உம்மா வாப்பா இருந்த வீடு” என்றார் மச்சான்.

“விக்கல. ஒத்திக்கு விடுறேன். மொத்தமாக் காசு வாங்கிக்கிட்டு மூணு வருஷத்துக்கு அவங்க வாடகை இல்லாம இருக்கட்டும். திருப்பிக் கொடுக்கிறப்ப வீடு நமக்கு. இது கடனுமில்ல, தர்மமுமில்ல. இப்ப மாத்திரையச் சாப்பிடுங்க.”

“மூணு வருஷத்துல எங்கேருந்து திருப்பிக் கொடுப்பே?”

“மொதல்ல நீங்க மூணு வருஷம் இருங்க. அப்புறம் பாப்போம்.”

அவர் கையை நீட்டி மாத்திரையை வாங்கிக்கொண்டார். இத்தனை நாளும் நாங்கள் மூவரும் அவருடைய பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், உயிரைப் பற்றி அல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒத்திக்கு ஆள் உடனே கிடைத்தது. வாடகைக்கு இருந்த குடும்பமே, மகன் சவூதியில் இருந்ததால், முன்பே கேட்டுக்கொண்டிருந்தது. பட்டுக்கோட்டைக்குப் போய்ப் பத்திரம் எழுதினோம். லாத்தா கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, ஒரு சர்பத் வாங்கிக் குடித்தாள். அந்தப் பணத்தில் என் சீட்டுப் பணத்தை முதலில் எண்ணி என் மனைவி கையில் கொடுத்தாள். மிச்சத்தை ஆஸ்பத்திரியில் கட்டினாள். ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. வெளியே மழை இல்லாத புழுக்கம். லாத்தா தஸ்பீஹ் மணியை உருட்டியபடி, ஒரு முறைகூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் வந்து சொன்னபோது, அவள் முதலில் கேட்டது, “எப்ப சோறு கொடுக்கலாம்?”

ஆறு வாரம் மச்சான் எங்கள் வீட்டில் இருந்தார். மெதுவாக நடக்க ஆரம்பித்தார். என்னிடம் பேசினார், ஆனால் அளவாக. கிளம்புவதற்கு முதல் நாள் நோட்டுக் கட்டைக் கேட்டார். திரும்பக் கொண்டு போவதும் விதிப்படி குற்றம்தான் என்று தயங்கிச் சொன்னேன். “தெரியும். பிடிச்சா கொண்டு வந்ததையும் சேத்துச் சொல்லிடுறேன்” என்றார். யாரும் பிடிக்கவில்லை. கொழும்பில் அது கேஸ் சிலிண்டருக்கும் மாத்திரைக்கும் நாலு மாதச் சாப்பாட்டுக்கும் ஆனதாக லாத்தா பிறகு சொன்னாள்.

அவர்களுடைய ஒரே மகள் கொழும்பில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள். சம்பளம் அதேதான், ஆனால் அதில் மாதத்தின் பாதிகூட ஓடவில்லை. அடுத்த வருடம் புருஷனோடும் பிள்ளைகளோடும் கத்தாருக்குப் போய்விட்டாள். அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள் என்றாள். அங்கிருந்து அவள் அனுப்பிய ரியாலில், மூன்று வருடம் முடிவதற்குள் ஒத்திப் பணத்தைத் திருப்பினோம். வீடு லாத்தாவுக்கு வந்தது. இலங்கை ரூபாய் ஓரளவு நின்றது, கொஞ்சம் ஏறவும் செய்தது. விலைகள் மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை. மச்சானுடைய கடைப் பணத்தில் மிஞ்சியது, இரண்டு பேர் மாத்திரைக்குச் சரியாக இருக்கிறது.

வீடு திரும்பி வந்த அன்று மச்சானுக்குப் போன் செய்தேன். “சாவி எங்கிட்ட இருக்கு மச்சான். அங்க ரெண்டு பேரும் தனியா ஏன்? இங்க வந்துடுங்க. ஆஸ்பத்திரி பக்கம், நாங்களும் பக்கம்.”

அந்தப் பக்கம் அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தது கேட்டது.

“கூப்பிட்டதே பெருசு” என்றார். “உன் லாத்தா வருவா, வந்து இருந்துட்டுப் போவா. நான் வரல. இங்க எல்லாருக்கும் போச்சு தம்பி. எனக்கு மட்டுமா? என் கடைய வாங்கினவன் முழுசா நொடிஞ்சு போய் இப்பத்தான் திரும்ப எந்திரிச்சு நிக்கிறான். மூட்டை எறக்குற ஆளு, வண்டிக்காரன் எல்லாருக்கும் போச்சு. காலைல அந்தக் கடைல போய் உக்காருறேன். அவங்களோட உக்காந்து இருக்கேன். அங்க வந்தா நான் மட்டும்தான் காசு போன ஆளு.”

நான் வற்புறுத்தவில்லை. “உடம்பப் பாத்துக்கங்க” என்றேன்.

“நீ கவுண்டர்ல உக்காந்துட்டியா?” என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“உக்காந்துட்டேன் மச்சான். அந்த வருஷமே.”

“சரி. உங்க முதலாளிக்கு என் சலாத்தச் சொல்லு” என்றார்.

மறுநாள் காலையில் சொன்னேன். முதலாளி தலையை ஆட்டிவிட்டு, பெரியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நடக்கிறார், தினமும் கடைத்தெரு வரைக்கும் போய் வருகிறார் என்றேன்.